கிளீனரிடம் சொன்னது

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டியது நாய் இல்லை, நான்தான். இதை எங்கள் தெருவில் நின்று சொன்னால் பத்துப் பேராவது முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துவிட்டுப் போகட்டும். 2006-ஆம் வருஷம் முழுக்க நான் ஒரு டிரெய்லர் வண்டியில், என் வீட்டுக்காரரோடும் ஒரு நாயோடும் ஊர் ஊராகப் போனேன். அது முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னமும் காலையில் கண் விழித்தால், வண்டி ஏன் ஆடவில்லை என்றுதான் முதலில் தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் பெயர் அப்துல் ரசாக். அவரை லாரி டிரைவர் என்று சொன்னால் பிடிக்காது, டிரெய்லர் டிரைவர் என்று சொல்ல வேண்டும். முன்னால் தலை தனி, பின்னால் நாற்பது அடிக்கு உடம்பு தனி. அதை ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்தவன்தான் டிரைவர், மற்றவன் எல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் என்பது அவர் கட்சி. இதைக்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. நாயிடம் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

மனுஷன் பேச மாட்டார். கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, ஜும்மா தொழுகையை விட்டதில்லை. ஆனால் பேச்சு மட்டும் கிடையாது. வெளியூர் போய்ச் சேர்ந்தால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். நான் எடுத்துவிட்டால் பேச வேண்டி வருமே என்று ஒரு ரிங்கிலேயே வைத்துவிடுவார். எங்கள் ஒரே பெண் மெஹ்ரீன் வீட்டில் இருந்தவரை இது எனக்கு உறைக்கவில்லை. அவள் எனக்கும் சேர்த்து, அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். 2005-இல் அவளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தோம். அதற்குப் பிறகு மேற்குத் தாம்பரத்தில் அந்த மாடி வீட்டில் நானும் அவரும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். இந்த ஆள் என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசினால் போதும் என்று இருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அப்போதுதான் அவர் குளித்துவிட்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

டிரெய்லர் ஓட்டுகிறவன் வீட்டுக்கு வரும்போது கிரீஸும் வியர்வையுமாக வருவான், வீட்டில்தான் குளிப்பான். இவர் தலை ஈரத்தோடு, சட்டை மாற்றி, சோப்பு வாசனையோடு வந்தார். ஒரு நாள் இல்லை, ஒவ்வொரு தடவையும். நகக்கண்ணில் மட்டும் செம்மண். கீழ் வீட்டு லோகநாயகி டீச்சர் அந்தச் சமயம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு மனை வாங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அவர்கள் செருப்பில் அதே செம்மண். "அந்த ஏரியா மண்ணு அப்படித்தான் பரிதா, லேசுல போகாது" என்றார்கள். என் வீட்டுக்காரர் வண்டி நிற்கிற யார்டும் சிங்கப்பெருமாள் கோவிலில்தான். அந்த வருஷங்களில் அங்கே மனை வாங்காதவன் பாவம் என்கிற மாதிரி எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆக, எங்கேயோ வீடு கட்டுகிறார், யாருக்கோ கட்டுகிறார் என்று முடிவு செய்தேன். மார்க்கெட்டில் பிரியாணிக் கடைக்காரர், "பாய் வாரம் தவறாம எலும்பு மட்டும் தனியா கேட்டு வாங்கிகினு போறாரே, சூப்புக்கா அக்கா?" என்று கேட்டாரே, அதோடு என் சந்தேகம் உறுதியாகிவிட்டது. எலும்பு சூப்பு யாருக்குக் கொடுப்பார்கள்? பிள்ளை உண்டானவளுக்குத்தான்.

மறுநாள் புர்காவை மாட்டிக்கொண்டு செங்கல்பட்டு ரயில் ஏறினேன். வழி நெடுக அவளை எப்படிக் கேட்பது, என்ன கேட்பது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவள் சின்னப் பெண்ணாக இருந்தால் ஒரு மாதிரி, என் வயசுக்காரியாக இருந்தால் வேறு மாதிரி. இரண்டுக்கும் வசனம் தயார்.

யார்டு வாசலில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. ஐம்பது வயசில், கழுத்தில் சிலுவை போட்ட ஒரு அம்மாள் தோசைக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளா என்று ஒரு நிமிஷம் தலை முதல் கால் வரை பார்த்தேன். அவர் என்னை அதைவிட நன்றாகப் பார்த்தார்.

"ரசாக் பாய் வூட்டம்மாவா? வாங்கக்கா. நான் செல்வமேரி. பாய் அந்தாண்ட வண்டிக்குப் பின்னால கீறாரு. டீ குடிச்சிட்டுப் போங்க."

டீயை நான் தொடவில்லை. வரிசையாக நின்ற டிரெய்லர்களுக்கு நடுவே நடந்தேன். கடைசி வண்டிக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது. நின்றுவிட்டேன். கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அந்தக் குரல் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடி நான் கேட்டதில்லை.

"மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீறே? நேத்து வரலன்னு கோவமா? நேத்து வூட்ல இருந்தேன். அங்க மட்டும் இன்னா கீது. பொண்ணு போனதுலேந்து வூடு வூடாவே இல்ல. சோத்த துன்னுட்டு செவுத்த பாத்துகினு இருந்தேன். இந்தா, இந்த எலும்பு உனக்குத்தான், யாரும் புடுங்க மாட்டாங்க, மெதுவா துன்னு."

பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனேன். பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்த ஒரு நாய். வேறு யாரும் இல்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உண்மையிலேயே வேறொருத்தியோடு பிடிபட்டிருந்தால்கூட அப்படி முழித்திருக்க மாட்டார். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு டப்பா நிறைய செம்மண்ணும் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாங்கள் மார்க்கச் சட்டத்தில் ஷாஃபி மத்ஹப் என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். நாயைக் கொஞ்சிவிட்டு, சுத்தமாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, எனக்குத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்திருக்கிறார். நான் அந்த மண்ணை வைத்து ஒரு வீடே கட்டி, அதில் ஒருத்தியைக் குடிவைத்து, அவளுக்குப் பிள்ளையும் கொடுத்துவிட்டேன்.

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அதோடு நிற்காமல் புதுசாகக் கோபமும் வந்தது. நாயிடம் பேசுகிறார். வீடு வீடாக இல்லை என்று நாயிடம் சொல்கிறார். அதே வீட்டில் நானும்தானே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

"காவலுக்கு நாய வெச்சிக்கலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிக்கீறாரு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "கிளீனர் பையன் கம்பெனி வேலைக்குப் போய்ட்டான். இது செல்வமேரி கடையாண்ட சுத்திகினு இருந்துச்சு. அது பாட்டுக்கு வந்து ஏறிகிச்சு."

"எங்க போகுது வண்டி?" என்றேன்.

"ஓசூரு."

"நானும் வர்றேன்."

ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கிளீனர் சீட்டில் நாய் உட்கார்ந்திருந்ததால் சீட்டுக்குப் பின்னால் படுக்கிற பலகையில் ஏறி, புர்காவை இழுத்துச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாயின் பெயரும் கிளீனர்தான். அது திரும்பி என்னை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, தன் வேலையைக் கவனிக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

நான் பின்னால் இருக்கிறேன் என்பதால் ஓசூர் போய்த் திரும்பும் வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வெறுத்துப்போய்விட்டது. இறங்கி வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்தபோது, வாலாஜாபேட்டை தாண்டி, ரோட்டோரத்தில் மாடுகளைப் பார்த்துக் கிளீனர் குரைக்க ஆரம்பித்தது. "சும்மா இருடா, அது உன்ன இன்னா பண்ணுச்சு" என்றார். ஒரு தடவை வாய் திறந்ததும் மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. கண் ரோட்டிலேயே இருந்தது, பேச்சு மட்டும் இடது பக்கம் போனது. நான் பின்னால் மூச்சுக் காட்டாமல் இருந்தேன்.

மெஹ்ரீன் கல்யாணத்தில் பிரியாணி தேக்சா அடுப்புப் பக்கம் போய் நின்று அழுததையும், யாரோ பார்த்துவிட்டபோது புகை என்று சொல்லிவிட்டதையும் அன்றைக்குக் கிளீனரிடம் சொன்னார். பிறகு கியரை மாற்றிவிட்டு, "பரிதாக்கு முட்டி வலிடா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் நான் 'இந்தா', வெளியே 'மெஹ்ரீன் அம்மா'. என் பெயர் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

"மாடிப்படி ஏற சொல்ல ஒவ்வொரு படிலயும் நின்னு நின்னு ஏறுது. ரெண்டு வர்சமா கீழ் வூடா பாத்துகினு கீறேன். கீழ்க்கட்டளை வரைக்கும் போய்ப் பாத்துட்டேன், ஒண்ணும் அமையல. அதுங்கிட்ட சொல்லல. சொன்னா ஆசப்பட்டுரும்."

வண்டி காஞ்சிபுரம் திரும்புகிற வரை நான் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு இருந்தேன். அப்புறம் முன்னால் குனிந்து, "கிளீனர், மாடியிலதான் காத்து வருது, எனக்கு அந்த வீடே போதும்னு உன் டிரைவர்கிட்ட சொல்லிடு" என்றேன். கிளீனர் என்னைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அவர் காது மடல் சிவந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அன்றிலிருந்து அந்த வருஷம் பூராவும் எங்கள் குடும்பமே அந்த நாய் வழியாகத்தான் நடந்தது. தால்சாக் குழம்பில் புளி கூடிவிட்டது என்று கிளீனரிடம் சொல்வார். புளி பிடிக்காதவர் இருபத்து நாலு வருஷம் ஏன் வழித்து வழித்துச் சாப்பிட்டார் என்று கேள் என்று நான் கிளீனரிடம் சொல்வேன். தூத்துக்குடி, கோயம்புத்தூர், ஒரு தடவை விசாகப்பட்டினம். இரும்புச் சுருளோ மெஷினோ, லோடு எங்கே போனதோ அங்கே நாங்களும் போனோம். வாணியம்பாடியில் மெஹ்ரீன் வீட்டு வாசலில் அந்த நாற்பது அடி வண்டியை நிறுத்தி இறங்கினபோது அவள் மாமியார் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். சமையலை வண்டி நிழலில் ஸ்டவ் வைத்து நானே செய்துவிடுவேன். அவர் தொழுகைக்கு என்று தனியாக ஒரு கைலியும் சட்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கும். கிளீனர் அந்தப் பைக்குக் கிட்டே போகாது, யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

நாயோடு எனக்கு உறவானது உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம். ரோட்டில் போகிற பெண்ணுக்கு என்ன கஷ்டம் என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியாது. பெட்ரோல் பங்க்கில் பெண்களுக்கான கக்கூசைப் பூட்டி, சாவியை முதலாளி டவுனுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தான். அங்கே இருந்த ஆளை நாலு கிழி கிழித்துவிட்டு, வேறு வழியில்லாமல் முள்ளுச்செடிகளுக்குப் பின்னால் போனேன். கிளீனர் கூடவே வந்தது. வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது. ஒரு பைக்காரன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். இது எழுந்து நின்று பல்லைக் காட்டியது, அவன் போய்விட்டான். அப்படி ஒரு மரியாதையோடு எனக்கு யாரும் காவல் நின்றதில்லை. அன்றைக்கு என் ஆம்லெட்டில் பாதியை என் கையாலேயே ஊட்டினேன். கை முழுக்க எச்சில். அவர் கேனை எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினார், நான் மண் போட்டுக் கழுவினேன். அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது.

நவம்பரில் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் டெஸ்ட் எடுத்தார். அவருக்கு இருந்த சர்க்கரை வியாதி கண்ணுக்குப் போய்விட்டது, இனிமேல் கனரக வண்டி வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி நல்லவர். பெருங்களத்தூர் ஷெட்டில் சூப்பர்வைசர் வேலை போட்டுக் கொடுத்தார். வண்டிக்குப் புது டிரைவர் வந்தான், அவனுக்கு நாய் என்றால் பயம். வீட்டுக்குக் கூட்டிப் போகலாமா என்று நான்தான் கிளீனரைக் கேட்டேன். "மாடில உன்ன கட்டிப் போட்டா ரெண்டு நாள்ல நீ செத்துருவே. ரோட்ட பாக்காம உனக்கு சோறு எறங்காது" என்று அவரும் கிளீனரிடமே பதில் சொன்னார். செல்வமேரிதான், "அது இங்கேந்து போனதுதானே, இங்கயே இருக்கட்டும் பாய். நான் பாத்துக்கறேன்" என்றார்.

கடைசி நாள் அவர் கிளீனரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இந்தத் தடவை புகை என்று யாரிடமும் சொல்லவில்லை. அழுது முடித்ததும் நான் தண்ணீர் ஊற்றினேன், அவர் கழுவினார். கிளீனர் செல்வமேரி கடை வாசலில் படுத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பெருத்துவிட்டது.

நாங்கள் ரயிலேறினோம். ஜன்னலோரம் அவர், ஓர் ஆள் உட்காருகிற இடைவெளி விட்டு நான். வருஷம் பூராவும் நாய்க்கு இடம் விட்டே உட்கார்ந்து பழகிப்போய்விட்டது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு வருஷம் கிடைத்தது, அதுவே பெரிது என்று மனசைத் தேற்றப் பார்த்தேன், தேறவில்லை. வீட்டுக்குப் போனதும் மறுபடி 'சோறு', 'தண்ணி', 'வரேன்' என்று ஆகிவிடும். நடுவில் நாய் இல்லாமல் இந்த ஆள் யாரிடம் பேசுவார்? பொத்தேரியில் காலேஜ் பெண் ஒருத்தி ஏறி, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடுவாஞ்சேரி போனது, ஊரப்பாக்கம் போனது, வண்டலூரும் போனது. அவர் வாய் திறக்கவில்லை.

பிறகு ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"கூடுவாஞ்சேரிலேந்து ரோசிச்சிகினே வரேன், உங்கிட்ட இன்னா பேசறதுன்னு. ஒண்ணும் வர மாட்டேங்குது. நீயே எதுனா கேளு."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. கடைசியில், "கண்ணு எப்பலேந்து சரியா தெரியல?" என்றேன். ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"ரெண்டு மாசமா" என்றார். "இத்த கிளீனருகிட்டகூட சொல்லல. நீ பின்னால கேட்டுகினு இருப்பியே."

"ரெண்டு மாசமா மங்கலாவா வண்டி ஓட்டினீங்க?"

"சொன்னா வண்டிய வுட சொல்லுவே. வுட்டா நீ வூட்ல இருப்பே, நான் வேற எங்கியாவது வேலைக்குப் போயிருவேன். அதான் இன்னும் கொஞ்ச நாளு ஓடட்டும்னு சொல்லல."

பெருங்களத்தூரில் ஆரம்பித்தேன். நாற்பது அடி வண்டி, முப்பது டன் இரும்பு, எதிரே எத்தனை பிள்ளைகுட்டிகள் வந்திருக்கும், என்னை விடுங்கள், அந்த வாயில்லா ஜீவனை நினைத்தீர்களா என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மங்கல் ஆன பிறகு இருட்டில் ஓட்டவே இல்லை, வேகம் போகவே இல்லை, உனக்கு ஒரு கீறல் விழுந்ததா, காட்டு என்று எதிர்த்துப் பேசினார். நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொன்னார். அந்தக் காலேஜ் பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் நேருக்கு நேர் போட்ட முதல் சண்டை அது. எனக்கு வந்த கோபம் பொய்யில்லை. அதே சமயம், யா அல்லாஹ், இது நின்றுவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் போர்டு நகர்ந்தபோதுதான் கவனித்தேன். குரோம்பேட்டை. தாம்பரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. முப்பது வருஷம் வண்டி ஓட்டி ஒரு திருப்பம் தவறவிடாத மனுஷன்.

"நம்ம ஸ்டேஷன் போயிடுச்சு. பல்லாவரத்துல இறங்கித் திரும்பிடலாமா?" என்றேன்.

அவர் வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா அவசரம், உக்காரு" என்றார். "நான் இன்னும் பேசி முடிக்கல."